தன் பேர் போட்ட ரோடு

எங்கள் ஊர் மார்ல் கிரீக்கில் படுமோசமான ரோடு எது என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஸாஸ்ட்ரோ ரோடு என்பார்கள். அந்த ரோட்டில்தான் ஊர் மன்ற உறுப்பினர் எர்வின் ஸாஸ்ட்ரோவே குடியிருந்தார். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். உறுப்பினர் வீட்டு வாசல்வரை வந்து அதோடு நின்றுபோகும் தார் ரோடு எல்லா ஊரிலும் உண்டு. உறுப்பினர் வீட்டுக்குப் போகிற ரோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற ரோட்டையெல்லாம் செப்பனிட்ட ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் ரோட்டுக்குப் பேர் வைக்க யாரும் மூளையைக் கசக்கிக்கொள்வதில்லை. அந்த ரோட்டில் முதலில் யார் கொட்டகை போட்டானோ அவன் பேர்தான். எர்வினின் கொள்ளுத்தாத்தா ஜெர்மன் கடற்கரையிலிருந்து ஒரு பெட்டியோடும் பிடிவாதத்தோடும் வந்து அந்த மேட்டில் மாடு கட்டினார். பெட்டி எங்கேயோ தொலைந்துபோயிற்று. பிடிவாதம் மட்டும் ஒரு தலைமுறைகூடத் தவறாமல் எர்வின்வரை வந்து சேர்ந்தது.

எர்வின் பதவிக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. பழைய உறுப்பினர் குளிர் தாங்காமல் அரிசோனாவுக்குக் குடிபோனபோது, அந்த இடத்துக்கு யார் நிற்பது என்று பேச ஊர் கூடியது. அன்றைக்கென்று எர்வின் வீட்டு மாடு ஒன்று கன்று ஈன்றுகொண்டிருந்தது, அவரால் போக முடியவில்லை. கூட்டத்துக்கு வராதவன் தலையில் கட்டிவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கையைக் கழுவிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தவருக்கு, அவர் உறுப்பினராகப் போகிறார் என்ற செய்தி காத்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் அவரும் எல்லாரையும்போல மாதம் ஒருமுறை வந்து, கையைத் தூக்கி, காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார். மாவட்டத் தலைநகரில் புதிய உறுப்பினர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு நழுவினார்கள். எர்வின் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வகுப்பெடுத்த வக்கீலம்மா முடிக்கும்போது ஒன்று சொன்னாள்: "தப்புப் பண்ணாம இருந்தா மட்டும் போதாது. பார்க்கிறவங்களுக்குத் தப்பாத் தெரியவும் கூடாது." அவள் அதை எல்லா வகுப்பிலும் சொல்கிறவள். ஆனால் எர்வினுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிட ஆழமாக இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் முதலில் தன் பள்ளித் தோழி ஆர்டிஸின் சிநேகத்தை இழந்தார். எங்கள் ஊர் மன்றத்தில் மொத்தம் மூன்றே பேர். மதுக்கடை நடத்துகிற தலைவி ஆர்டிஸ் பிரிபில், கருமி ஹார்லன் பூக்லி, அப்புறம் எர்வின். மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தால் பெரும்பான்மை. பெரும்பான்மை ஓரிடத்தில் கூடி ஊர் விஷயம் பேசினால் அது சட்டப்படி கூட்டம். முன்கூட்டி அறிவிப்பு ஒட்டாமல் கூட்டம் நடத்துவது குற்றம். ஆகவே எர்வினும் ஆர்டிஸும் நின்று இரண்டு வார்த்தை பேசினாலே ஆபத்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரே ஆர்டிஸ் கடையில் பொரித்த மீன் தின்னும். எர்வின் வருவார், ஆனால் நீளமான மேஜையின் அந்தக் கோடியில் போய் உட்காருவார்.

"என்னடா எர்வின், வெளியே பனி எப்படி?" என்பாள் ஆர்டிஸ்.

"அதைப் பத்திப் பேசமுடியாது."

"பனியைப் பத்தியா?"

"பனின்னா அதைத் தள்ற லாரி. லாரின்னா ஊர்ச் செலவு. செலவு மன்றத்து விஷயம்."

"அப்போ எதைப் பத்தித்தான் பேசறது?"

எர்வின் யோசித்துவிட்டு, "மீன் நல்லா இருக்கு," என்பார். ஆண்டுக்கணக்கில் அந்த இரண்டு பேரும் மீனைத் தவிர வேறெதையும் பேசவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஆர்டிஸின் புருஷன் செத்தபோது எர்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மீனைப் பற்றிக்கூடப் பேசாமல் நின்றார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்பார்கள். எர்வின் தேன்கூடு இருக்கும் பக்கமே கையுறை போட்டுக்கொண்டு போகிறவர். ஆகஸ்டு மாதத்தில் எங்கள் ஊரில் சுக்கினி என்ற பூசணி வகைக் காய் காய்த்துத் தள்ளும். வீட்டில் தின்று தீராமல், பூட்டாத கார் எங்கே நின்றாலும் அதன் ஸீட்டில் நாலு காயைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் எங்கள் ஊர்க்காரர்கள் காரைப் பூட்டுவார்கள். எர்வின் காரில் விழுந்த காய்களை மட்டும் அவர் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். யார் போட்டது என்று தெரியாதபோது எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார். அன்பளிப்பு வாங்கக் கூடாதாம். காயை எப்படியாவது ஒழித்துக்கட்ட நினைத்த பெண்கள் கதவைத் திறந்ததும் அது சிரித்துக்கொண்டே திரும்பி வந்து நிற்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

இனி ரோட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு கோடையிலும் எந்த ரோட்டுக்குக் கிராவல் போடுவது என்று மன்றம் முடிவு செய்யும். ஸாஸ்ட்ரோ ரோடு என்ற பேர் வந்ததும் எர்வின் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருப்பார். "இதுல எனக்குச் சொந்த லாபம் இருக்கு. நான் ஒதுங்கிக்கிறேன்," என்பார். சும்மா ஒதுங்கினால் போதாது, அறையை விட்டே போகவேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களே! கதவைத் திறந்து வெளியே போய், பனி தள்ளும் லாரி நிற்கும் கொட்டகை ஓரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

உள்ளே ஆர்டிஸ் தீர்மானம் கொண்டுவருவாள். ஹார்லன் மரியாதைக்கு வழிமொழிவார். பிறகு அதே ஹார்லன் எதிர்த்து ஓட்டுப் போடுவார். காசு செலவாகும் எதற்கும் அவர் கை எழும்பியதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால் தீர்மானம் தோற்றது என்று அர்த்தம். மற்ற ரோடுகளுக்கெல்லாம் ஆர்டிஸும் எர்வினும் இரண்டு கை. ஸாஸ்ட்ரோ ரோட்டுக்கு மட்டும் ஒரே கை. வருஷா வருஷம் இதே கூத்துத்தான். தோற்றதும் ஆர்டிஸ் ஜன்னலைத் தட்டுவாள். எர்வின் உள்ளே வந்து, முடிவு என்ன என்று கேட்காமலே உட்காருவார்.

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ஊரில் யாருக்கும் கிடைக்காத ஏதோ ஒன்று தனக்குக் கிடைத்த மாதிரி இருக்கும். அவர் மனைவி லவோன் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"உனக்கு ரோடு வேண்டாம், எர்வின். அந்தக் கதவுதான் வேணும். எல்லாரும் பார்க்க எழுந்து அந்தக் கதவு வழியாப் போறே பாரு, அதுக்காகவே நீ பதவியில இருக்கே."

எர்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். 

ரோடு கெட்டுக்கிடந்ததில் லவோனுக்குப் போன உயிர் எர்வினுக்குப் போகவில்லை. மாடுகள் அவளுடையவை. கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பா ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார், பேர் பெட்டூனியா. இன்று கொட்டகையில் நிற்பதெல்லாம் அதன் வாரிசுகள், எல்லாவற்றுக்கும் பூக்களின் பேர். மார்ச் கடைசியில் மண்ணுக்குள் உறைந்த பனி இளகும்போது ஸாஸ்ட்ரோ ரோடு கூழாகிவிடும். பால் எடுக்க வரும் டாங்கர் லாரி மேட்டில் ஏறாமல் பாதியில் புதையும். எர்வின் டிராக்டரைக் கட்டி இழுப்பார். ஒரு வசந்தத்தில் சங்கிலி அறுந்து லாரி பள்ளத்தில் சாய்ந்தது. லாரி வராமல் கிடந்த நாட்களில் கறந்த பாலையெல்லாம் சாக்கடையில் ஊற்றினார்கள். லவோன் ஊற்றவில்லை. அவள் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் பால் கம்பெனியிலிருந்து ஆள் வந்து தெளிவாகச் சொல்லிவிட்டான். இன்னும் ஒரே ஒரு பனி இளக்கம் பொறுப்பார்கள், அதற்கு அடுத்ததற்குள் ரோடு சரியாகாவிட்டால் லாரி வராது. லாரி வராத வீட்டில் மாடு எதற்கு?

லவோன் சும்மா இருக்கவில்லை. அந்த வக்கீலம்மாவுக்கே போன் போட்டாள். அந்த ரோட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று வக்கீலம்மா கேட்டாள். மேலும் மூன்று வீடு இருக்கிறது என்றாள் லவோன். "அப்படின்னா பிரச்சினையே இல்லையேம்மா. ஊர்ல நாலு பேருக்குப் பொதுவாக் கிடைக்கிற நன்மை. உங்க வீட்டுக்காரர் தாராளமா ஓட்டுப் போடலாம். இத்தனை வருஷமா போட்டிருக்கலாமே!"

லவோன் போனை வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். எர்வின் கேட்டுக்கொண்டார். மாட்டு மடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"சட்டம் விடுது, சரி," என்றார். "ஆனா ரோட்டு முனையில பலகையில என்ன பேர் போட்டிருக்கு?"

"ஸாஸ்ட்ரோன்னு போட்டிருக்கு. அதுக்கு?"

"தன் பேர் போட்ட ரோட்டுக்குத் தானே கையைத் தூக்கினான்னு ஊர்ல சொல்வாங்க."

"ஊரே உனக்காக அழுதுகிட்டு இருக்கு, மனுஷா! ஹார்லனைத் தவிர ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"ஹார்லன் சொல்வார்ல?"

அன்றைக்கு லவோன் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊருக்கெல்லாம் உறுப்பினராக இருந்து தன் வீட்டுக்கு மட்டும் இல்லாமல் போன புருஷனைப் பதவியை விட்டு இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அடுத்த ஏப்ரலில் தேர்தல். குவாரியும் மண்வெட்டும் இயந்திரமும் வைத்திருந்த டேரின் கோல்பி என்ற இளைஞனைப் போய்ப் பார்த்தாள். "நீ நில்லு. என் புருஷனை நான் பார்த்துக்கிறேன்," என்றாள்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு பிரசாரத்தை யாரும் பார்த்ததில்லை. லவோன் ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"எர்வின் கெட்டவரா, லவோன்?"

"கெட்டவரா இருந்தா நான் எதுக்கு உங்க வீட்டுக்கு வரேன்? கெட்டவரா இருந்திருந்தா இந்நேரம் எங்க ரோட்டுல தார் போட்டிருக்கும். அவர் ரொம்ப நல்லவர். அவருக்குத் தயவுசெஞ்சு ஓட்டுப் போடாதீங்க."

பனி இளகும் மாதம் அது. ஒரு காலையில் கேக்குகளோடு கிளம்பிய அவள் கார் ஸாஸ்ட்ரோ ரோட்டின் முதல் பள்ளத்திலேயே புதைந்தது. எர்வின் டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி, மேட்டிலிருந்து மெயின் ரோடுவரை இழுத்துவிட்டார். தன்னைத் தோற்கடிக்கப் போகிற பெண்டாட்டியின் காரைத் தானே இழுத்துவிடுவது எதிர்வேட்பாளருக்குக் கொடுத்த தேர்தல் உதவியாகுமா என்று வழியில் அவருக்குச் சந்தேகம் வந்தது. சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே அதைக் கேட்டும்விட்டார். லவோன் கேக் டப்பாவை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து ஸீட்டில் வைத்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வருவேன். மறுபடி இழுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எர்வின் தோற்றார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகளில்தான் தோற்றார். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது நன்றாக இருக்காதென்று ஓட்டுச் சீட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் கடைக்கு வந்தவர் வழக்கம்போலக் கோடிக்குப் போகப்பார்த்தார். ஆர்டிஸ் அவர் தொப்பியைப் பிடுங்கித் தன் எதிரே வைத்தாள்.

"இங்க உட்காருடா. இப்ப நீ யாரு?"

"யாருமில்லை."

"அப்படின்னா இது என் செலவு," என்று ஒரு பீரை நகர்த்தினாள்.

எர்வின் கிளாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார். அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள். எதைப் பற்றித் தெரியுமா? பனியைப் பற்றி. அத்தனை வருஷத்துப் பனியையும் ஒன்று விடாமல் பேசித் தீர்த்தார்கள். ஆர்டிஸின் புருஷன் செத்த வருஷத்துப் பனிக்கு வந்தபோது எர்வின், "அன்னைக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கணும்," என்றார். ஆர்டிஸ் முந்தானையில்லாத குறைக்குக் கடைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மீன் ஆறுது, தின்னு," என்றாள்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு ஸாஸ்ட்ரோ ரோடு விஷயம் வந்தது. லவோன் தேவாலயத்துக்குப் போகிற நீலச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லாருக்குமாக ஒரு பெரிய தட்டு உருளைக்கிழங்குக் கறியும் சமைத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தாள். எர்வின் அவளுக்குப் பக்கத்தில். மன்ற அறையில் பொதுஜனத்துக்கான நாற்காலியில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

டேரின் நல்ல பையன். ரோட்டைச் சரிசெய்வதாக லவோனுக்குத் தந்த வாக்கை மறக்கவில்லை. "ஸாஸ்ட்ரோ ரோடு முழுக்கக் கிராவல் போடணும். கிராவல் என் குவாரியிலேருந்தே தரேன். வெளியே வாங்கறதைவிடக் குறைஞ்ச விலை. வேற யார்கிட்டயும் விலை கேட்டு அலைய வேண்டியதில்லை," என்றான்.

குறைந்த விலை என்று காதில் விழுந்ததும் ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வழிமொழியறேன். ஓட்டும் போடறேன்," என்றார். ஹார்லன் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததும் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். லவோன் எர்வினின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர். பெட்டூனியாவின் பேத்திகள் பிழைத்துக்கொண்டன.

"ஓட்டுக்கு முன்னாடி, பொதுமக்கள் யாராவது பேசணுமா? ஆளுக்கு மூணு நிமிஷம்," என்றாள் ஆர்டிஸ். சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வி, ஒருத்தரும் எழுந்திருக்காத கேள்வி.

எர்வின் பேசாமல் இருக்கத்தான் நினைத்தார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கீழே குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். தொப்பியைச் சுற்றினார். டேரின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தன் குவாரி, தன் விலை, தன் ஓட்டு. எழுந்து போகவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எர்வின் அந்தக் கதவைப் பார்த்தார். மூடிக் கிடந்தது. லவோனின் கைக்குள்ளிருந்த அவர் கை மெதுவாக வெளியே வந்தது.

"எர்வின், வேண்டாம்," என்றாள் லவோன், உதடு அசையாமல்.

எர்வின் எழுந்துவிட்டார். "டேரின், நீ வெளியே போகணும்ப்பா."

"என்ன சொல்றீங்க?"

"உன் குவாரிக்கு ஊர்க் காசு வருது. நீ இங்க உட்கார்ந்து பேசக் கூடாது. ஓட்டும் போடக் கூடாது. அதுக்கு மேல, நாலு பேர்கிட்ட விலை கேட்காம கொடுக்கவும் கூடாது."

"எர்வின், இது உங்க ரோட்டுக்குங்க! உங்களுக்காகத்தானே பண்றேன்! ஒரு பைசா எனக்கு லாபம் கிடையாது!"

"தெரியும்ப்பா. அதனாலதான் நான் சொல்லவேண்டியிருக்கு. வேற ஒருத்தர் ரோடா இருந்தா வேற ஒருத்தர் சொல்லியிருப்பாங்க."

டேரினின் முகம் சிவந்துபோயிற்று. அவன் திருடன் இல்லை. பொதுச் சபையில் பெற்றவன் திட்டினமாதிரி இருந்தது அவனுக்கு. ஆர்டிஸ் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவளுக்கும் சட்டம் தெரியும். எர்வின் சொல்லாமல் இருந்திருந்தால் தெரியாத மாதிரி இருந்திருப்பாள்.

"சரி. அப்போ மாவட்டக் குவாரியிலேருந்து வாங்கிப் போடறதா தீர்மானத்தை மாத்தறேன்," என்றாள். "விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும். ஆதரிக்கறவங்க?" என்று கேட்டுத் தன் கையைத் தூக்கினாள்.

ஹார்லனின் கை ரெண்டு மடங்கு என்ற வார்த்தையிலேயே மேஜைக்கடியில் போய்விட்டது. இனி ஓட்டுப் போடத் தடையில்லாத டேரினும் கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். எர்வின் பதவியில் இருந்த காலத்தில் அந்த ரோடு ஒன்றுக்கு ஒன்றில் தோற்றுக்கொண்டிருந்தது. அவர் பதவியை விட்டு இறங்கிய பிறகு இரண்டுக்கு ஒன்றில் தோற்றது.

உருளைக்கிழங்குக் கறியை ஒருத்தரும் தொடவில்லை. லவோன் தட்டை மூடி எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. எர்வின் காரை ஓட்டினார்.  ஸாஸ்ட்ரோ என்று எழுதின பலகையைத் தாண்டித் திரும்பியதும் கார் குதிக்க ஆரம்பித்தது, தட்டு அவள் மடியில் கடகடவென்று ஆடியது.

"மாட்டு வியாபாரிக்குக் காலையில போன் போடு," என்றாள் லவோன். "பனி வரதுக்கு முன்னாடி வித்தாத்தான் விலை கிடைக்கும். பெட்டூனியா வழியில ஒண்ணே ஒண்ணை மட்டும் வெச்சுக்குவேன். நம்ம வீட்டுப் பாலுக்கு."

"சரி," என்றார் எர்வின்.  கொஞ்ச தூரம் போனதும், "லவோன், நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த தேர்தல்ல நீ மறுபடி நிக்கணும்," என்றாள் அவள்.

எர்வின் காரையே நிறுத்திவிட்டார்.

"என் ஓட்டு உனக்குத்தான். கேக் சுட்டு ஊரையே போடவைக்கிறேன். பதவியில இருந்தவரைக்கும் வாயை மூடிக்கிட்டு வெளியே போய் நின்னே. இப்ப உள்ளே வந்து உட்கார்ந்து வாயைத் திறக்கறே. உன்னை அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தணும்னா, உனக்குப் பதவி கொடுக்கறதைத் தவிர இந்த ஊருக்கு வேற வழி இல்லை."

எர்வின் யோசித்துக்கொண்டே காரை மறுபடி கிளப்பினார். அதில் தப்பு எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தவிர.

"பெண்டாட்டி பிரசாரம் பண்ணினா, பார்க்கிறவங்களுக்கு அது..."

"ரோட்டைப் பாரு, எர்வின்," என்றாள் லவோன்.